படங்கை இழுக்காத மோட்டார்கள்

"மாப்ள, இது என்ன முக்கிக்கிட்டே இருக்கு? பெத்துப் போடுமா, போடாதா?"

சவரிமுத்து மச்சான் கதிரையில் சாய்ந்தபடி கேட்டார். அவருடைய வலது கைப் பெருவிரல் இன்னும் பட்டன்மேல்தான் இருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், பலா மரத்தில் நான் இறுக்கியிருந்த இரண்டு மோட்டார்களும் 'ம்ம்ம்ம்' என்று முனகின. நீலத் தார்ப்பாய்ப் படங்கு ஒரு சாண் நகர்ந்தது. ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நின்றுவிட்டது.

"கையை எடுங்க மச்சான். மோட்டார் கருகிரும்."

"நீதான அமுக்கச் சொன்ன."

"இப்ப எடுக்கச் சொல்றேன்."

எடுத்தார். முனகல் நின்றது. படங்கு மூட வேண்டிய பாய்களில் அரைகுறையாகக் காய்ந்த மிளகு கிடந்தது. பல்லேபொல மலைப்பக்கத்தில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. நான் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் என்றால் என் மூத்த சகோதரி ரெஜினாக்காவின் கணவர். நான் மாத்தளை டவுனில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கடையும் அதன் ஒழுகும் கூரையும் என் கோபமும் பழக்கமானவை. இந்த வாரம்தான் சேர்ந்தவர்களுக்குக் கோபம் மட்டும் தெரிந்தால் போதும்.

'எப்படி?' என்ற ஒரு கேள்வி

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் மகன் ஜூட் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். ஒருநாள் ராணுவமும் பொலிசும் அந்தப் பக்கம் சுற்றி வளைத்தார்கள், அள்ளிக்கொண்டு போனார்கள், உள்ளே வைத்தார்கள். காரணம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. தமிழ்ப் பெயரும் ஊரும் பேச்சும் போதுமாக இருந்த யுத்த காலம் அது.

அந்தச் செய்தி வந்த மாதத்திலேயே மச்சானுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதுவரை மிளகுக் கொடிக்கு ஏணி இல்லாமல் ஏறிய மனிதர். கதிரையில் உட்கார வைத்த பிறகு அவருக்கு வாய் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்தது.

பதினாலு மாதத்தில் அக்கா மகனை இரண்டே தரம்தான் பார்த்திருந்தாள். மூன்றாவது தரம் பார்க்க ஒரு அனுமதித் துண்டு வந்தது. வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆளில்லை. நானும் கூடப் போயாக வேண்டும். போன தரம் சிங்களத்தில் எழுதியிருந்த பலகையை வாசிக்கத் தெரியாமல் அக்கா பிழையான வரிசையில் நின்று, அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் அது மிளகுக் காலம். பறித்து, உதிர்த்து, வெந்நீரில் முக்கி, பாயில் பரப்பியாகிவிட்டது. இனி நாலைந்து நாள் முழு வெயில் வேண்டும், மப்பாக இருந்தால் ஒரு வாரமும் தாண்டும். மார்கழி மழையோ சொல்லிக்கொண்டு வராது. ஒரு தூறல் விழுந்தால் அந்தக் கிராமத்தில் எல்லாப் பெண்களும் அவரவர் முற்றத்துக்கு ஓடுவார்கள். அடுத்த வீட்டு மிளகை மூட யாருக்கும் மூன்றாவது கை கிடையாது. நாங்கள் போய் வரும் இரண்டு நாளும் மூடியே வைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சாக்கில் கட்டினாலும் அதே கதி. வருஷம் முழுவதும் பார்த்துப் பார்த்து வளர்த்தது அப்படியே குப்பைக்குப் போகும்.

"நீ போயி பிள்ளையப் பாரு. மிளக நான் பாத்துக்கிறேன்" என்றார் மச்சான்.

"எப்படி?" என்று கேட்டாள் அக்கா.

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் வரை மச்சான் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.  அது பொறுக்காமல்தான், ஒரு மெஷின் செய்து தருகிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே மூடலாம் திறக்கலாம் என்று வாயை விட்டேன்.

ஒரு சுவிச் போதாதா?

எனக்கு அப்போது மைக்ரோகன்ட்ரோலர் பைத்தியம் பிடித்திருந்தது. கண்டியில் ஒரு வகுப்புக்குப் போய், சான்றிதழைக் கடையில் மாட்டியிருந்தேன். பூச்சி அளவு சிப்பு ஒன்று. மெதுவாகத் தொடங்கு, பிறகு வேகம் பிடி, படங்கு நுனிக்கு வந்ததும் நில் என்று அதில் எழுதி வைத்துவிட்டால் சொன்னதைச் செய்யும். ஆனால் சிப்புக்குச் சொல்லத்தான் தெரியும், மோட்டாரைச் சுற்றும் தெம்பு கிடையாது. அதனால் நடுவில் டிரைவர் போர்ட் என்று ஒன்று. சிப்பு கண் காட்ட, அது பெட்டரியின் கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும்.

மோட்டார்கள் உடைத்துப் போட்ட கார்களின் வைப்பர் மோட்டார்கள். படங்கின் இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொன்று. பெட்டரி, அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்த அதே பெட்டரி. அந்த ஒழுங்கை வீடுகளுக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை.

"இவ்வளவுக்கும் ஒரு சுவிச் போதாதா மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"போதாது மச்சான்."

"ஏன் போதாது?"

ஏன் போதாது என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப ஒரு சுவிச் போதும்" என்றார்.

வயர் மட்டும்தான் கையில் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களவர் பண்டா முதலாளி லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுபவர். பௌத்தப் பன்சலை விசேஷம், செத்த வீடு, எங்கள் சர்ச் திருநாள் எல்லாவற்றுக்கும் அவருடைய ஹோர்ன்தான். கேட்டதும் ஒரு ரோல் ஸ்பீக்கர் வயரை வேலிக்கு மேலால் எறிந்தார். நான் மச்சானிடம் கொடுத்து, "பத்து யார், அதாவது முப்பதடி, இருந்தாலே மரத்துக்குக் காணும். ஆனா இது இரவல் சாமான். ஒரு அங்குலமும் வெட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். வயர் இழுக்கும் வேலையைத் தான் செய்வதாக அவர் அடம்பிடித்தார். ஒற்றைக் கையால் அதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

சாவடிக்காரனின் விசாரிப்பு

போர்டையும் வயர்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது அந்தக் காலத்தில் என்ன மாதிரி வேலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: குண்டு என்று பிடிப்பார்கள். பாலத்தடி ராணுவச் சாவடியில் என்னை இறக்கினார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் போர்டைத் தூக்கிப் பார்த்தான்.  மிளகு மூடுகிற மெஷின் என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

அவன் வீடும் மிளகு வீடாம். அவனுடைய அம்மா ஒரு தரம் மழைக்கு ஓடி வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவளாம். "வேலை செய்யுதா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லை."

திங்கட்கிழமை போர்டைத் திருப்பி எடுத்துப் போகும்போதும் கேட்டான். செவ்வாய்க்கிழமை மறுபடி கொண்டு வரும்போதும் கேட்டான். சுட்டுவிடுவானோ என்ற பயம் போய், இவன் கேட்டுத் தொலைப்பானே என்ற எரிச்சல் வந்துவிட்டது.

எல்லாரும் உத்தமர்கள்

முதலில் என் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டேன். மெதுவாகத் தொடங்கு என்று எழுதியிருந்ததில், வேகம் பிடிக்கும் இடத்துக்கு அது போகாமலே நிற்கிறதோ என்று. கடைக்குப் போய், எடுத்த எடுப்பில் முழு வேகம் என்று மாற்றிக்கொண்டு வந்தேன். பட்டனை அமுக்கினார். ம்ம்ம்ம்.

பிறகு டிரைவர் போர்ட். மச்சானின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில்தான் அதை வைத்திருந்தேன். அமுக்கச் சொல்லிவிட்டு, வயர் புறப்படும் இடத்தில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு குறையும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், சூடும் இல்லை. பெட்டரியைப் பார்த்தேன், நிறைந்த சார்ஜ். மோட்டார்களை மரத்திலிருந்து கழற்றி வந்து பெட்டரியில் நேரே கொடுத்தேன். இரண்டும் கையை விட்டுத் துள்ளி ஓடின. படங்கு கனமோ என்று வளையங்களுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒற்றை விரலால் இழுத்தால் வந்தது.

தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் உத்தமர்கள். சேர்த்துவிட்டால் ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள்.

"அந்தச் சிப்பக் கழட்டி வீசிட்டு, பெட்டரிய நேரா வயர்ல குடுத்துப் பாரு" என்றார் மச்சான்.

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. சும்மா இருங்க."

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர் சொன்னதை அப்போதே செய்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். சிப்பு இல்லாமலும் மோட்டார் முனகியிருக்கும், குற்றவாளி யாரென்று நானும் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் கண்டிக்குப் போய்ப் படித்து வந்ததை ஒரு மிளகுக் கொடிக்காரர் கழற்றி வீசச் சொன்னால் எனக்குப் பொறுக்குமா?

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் இப்படியே போனது. அவர் அமுக்குவார், அது முனகும், நான் கத்துவேன். இதற்குள் அக்காவின் பூனை அடுப்படியை விட்டு வந்து மச்சானின் கதிரைக்குக் கீழே கிடந்த சாக்கில் சுருண்டுகொண்டது.

"அடுப்ப விட்டு அசையாத மூதேவி, இங்க வந்து படுத்திருக்கு" என்றாள் அக்கா.

நான் அதையும் விரட்டினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து அங்கேயே படுத்தது. எனக்கு இருந்த எரிச்சலில், பூனையும் என்னை மதிக்கவில்லை என்றுதான் தோன்றியது.

சாக்குக்கு அடியில்

புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் நாங்கள் புறப்பட வேண்டும். அக்கா விடியவே எழுந்து மச்சானுக்கு இரண்டு நாளைக்குத் தேவையானதை எட்டும் தூரத்தில் எடுத்து வைத்தாள். ஜூட்டுக்குப் பிடிக்கும் என்று தேங்காய் உருண்டை பிடித்தாள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தாள்.

மேகம் இறங்கியது. மச்சான் அமுக்கினார். முனகியது.

அக்கா எழுந்து உள்ளே போய்ச் சேலையின் குத்தூசியைக் கழற்றத் தொடங்கினாள். "நான் போகல. அடுத்த தரம் பாத்துக்கலாம்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. மச்சான் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. 

மூன்று நாளாக மீட்டரை நான் போர்டுப் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் அன்று அதைத் தூக்கிக்கொண்டு பலா மரத்துக்குப் போனேன். மோட்டாரில் வயர் முடியும் இடத்தில் வைத்தேன்.

ஐந்துகூட இல்லை.

விறாந்தையில் பன்னிரண்டு கொடுக்கிறேன், முப்பதடி தள்ளி ஐந்து வருகிறது. மிச்சம் ஏழு எங்கே போகிறது? வயரைக் கையில் பிடித்துக்கொண்டே மரத்திலிருந்து திரும்பி நடந்தேன். சுவர் ஓரம் ஒழுங்காக வந்தது. ஜன்னல் கம்பியைச் சுற்றி வந்தது. பிறகு மச்சானின் கதிரைக்குக் கீழே போனது. பூனையைத் தள்ளிவிட்டுச் சாக்கைத் தூக்கினேன்.

சாக்கின் அடியில் வயர் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடந்தது. மரத்துக்குப் போன பத்து யாரைத் தவிர முழு ரோலும். ஆறு இடத்தில் வாழை நாரால் கட்டு. தொட்டேன், இளஞ்சூடு. பூனை எதற்காக வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நூல் மாதிரி மெல்லிய வயர். ஸ்பீக்கருக்குச் சத்தம் கொண்டுபோகச் செய்ததில், இரண்டு மோட்டாருக்கு வேண்டிய கரண்டை இத்தனை தூரம் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால், பாதிக்குமேல் வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். மோட்டார் ஓடாமல் இருக்கும்போது அளந்தால் அந்த நுனியிலும் பன்னிரண்டுதான் காட்டும். ஓடும்போதுதான் கள்ளம் வெளியே வரும்.

"இது என்ன மச்சான்?"

"வயர்."

"ஏன் இப்படிச் சுத்தி வச்சிருக்கீங்க?"

"நீதான சொன்ன, இரவல் சாமான், ஒரு அங்குலமும் வெட்டக்கூடாதுன்னு. பத்து யார் போக மிச்சத்த என்ன செய்யச் சொல்ற? காலுல தட்டாம கட்டி வச்சேன்."

 என் வாயால் நானே வைத்த வினை. மூன்று நாள் ஊரையெல்லாம் திட்டிவிட்டு, கடைசியில் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மாவும் ஏணியும்

வயர் வெட்டும் குறடு கையிலேயே இருந்தது. ஆனாலும் வெட்டவில்லை. ஏன் என்று இன்றைக்கு உள்ளவர்களுக்கு விளங்காது.

நாங்கள் டவுனில் இருந்த காலம், நான் சிறு பிள்ளை. அப்பா அயல் சிங்கள வீட்டில் ஒரு ஏணி இரவல் வாங்கினார். ஒரு படி உடைந்தது. புதுப் படி போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அந்த வீட்டு மனிதர், "உங்க ஆளுங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வருஷம்தான் எண்பத்து மூன்று கலவரத்தின் அந்த ஆடிமாதம் வந்தது, டவுனில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. ஏணிக்கும் நெருப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அம்மா சாகும்வரை இரண்டையும் சேர்த்தேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இரவல் வாங்கினால், வாங்கியதைவிட நல்லதாகத் திருப்பிக் கொடுப்போம். கோப்பையில் சீனி வாங்கினால் குவித்துக் கொடுப்போம். ஒரு சொல்லுக்கு இடம் வைக்க மாட்டோம்.

அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். "முதலாளியோட வயரு. வெட்டாத" என்றாள்.

"வெட்டுனா படங்கு ஓடும்க்கா."

"வெட்டாத தம்பி. நாளைக்கும் அவங்க முகத்துல முழிக்கணும்."

அப்போது வேலியடியில் யாரோ இருமினார்கள். பண்டா முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாளாக உன் சத்தத்தில் எங்கள் நாய் சாப்பிடவில்லை, என்னதான் நடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டபடியே உள்ளே வந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து வயர் ரோலைத் தூக்கி, வாழை நார்க் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒத்தக் கையாலயா கட்டினீங்க?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் தலையாட்டினார்.

முதலாளி என் கையிலிருந்த குறடை வாங்கி, அளவுகூடப் பார்க்காமல் நறுக்கென்று வெட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பத்து யார் காணுமா? இன்னும் வேணுமா?"

"இன்னும் ரெண்டு துண்டு கிடைச்சா சேத்துக் கட்டலாம், முதலாளி. தடிப்பாகும்."

இன்னும் இரண்டு துண்டு வெட்டினார். பிறகு குறடை என் கையில் திணித்துவிட்டு உண்மையிலேயே கோபப்பட்டார். "என்கிட்ட இது நாலு ரோல் கிடக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நான் இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டா என்ன? மூணு நாளா பைத்தியம் மாதிரிக் கத்துறதுக்கு வெட்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அவரைப் பார்த்து நாங்கள் அத்தனை வருஷமும் எதற்குப் பயந்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. 

மூன்று துண்டையும் சேர்த்து முறுக்கிப் பூட்டினேன். மச்சான் அமுக்கினார். மோட்டார்கள் இரண்டும் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின, படங்கு சரசரவென்று ஓடி பாய்களை மூடிக்கொண்டு நுனியில் நின்றது. நான் சொன்ன இடத்தில், சொன்னபடி.

"சுவிச்சா இருந்தாலும் ஓடியிருக்கும்" என்றார் மச்சான்.

 அக்கா குத்தூசியை மறுபடி குத்திக்கொண்டிருந்தாள்.

பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்க்க ஏறியவன் அதே ஆமிக்காரன். என் அட்டையைப் பார்க்கவே இல்லை. "வேலை செய்யுதா?" என்றான். செய்யுது என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை

கொழும்பில் அக்காவை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பக்கம் கறுப்பாக இருந்தது. வெளியே வந்த அக்கா, "இருக்கான். மெலிஞ்சுட்டான்" என்றாள். 

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தோம். அக்கா நேரே பாய்க்குப் போய் ஒரு கை மிளகை அள்ளி உரசிப் பார்த்தாள். கலகலவென்று இருந்தது.

முதலாளியின் மனைவி மெனிக்கேக்கா மச்சானுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். அவள் சிங்களமும் தமிழும் கலந்து முறையிட்டாள். "மழை மூணு தரம்தான். இவரு முப்பது தரம் மூடியிருப்பாரு. காக்கா பறந்தாலும் மூடுறாரு. நானும் இந்தப் படங்கப் பாத்துப் பாத்து என் மிளக மூட ஓடி ஓடிக் காலே போச்சு."

மச்சான் அதற்கெல்லாம் அசையவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பிள்ள என்ன சொன்னான்?"

"மொதல்ல ஒங்களத்தான் கேட்டான். அப்பாவ யாரும்மா பாத்துக்கிறாங்கன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாவ யாரும் பாக்கல, அப்பாதான் மிளகப் பாத்துக்கிறாருன்னேன். தனியாவான்னு கேட்டான். தனியாத்தான்னு சொன்னேன்." அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான்."

மச்சான் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பெருவிரலால் பட்டனை அமுக்கினார்.

பலா மரத்தில் மோட்டார்கள் 'ம்ம்ம்ம்' என்று முனகின. படங்கு ஒரு சாண் நகர்ந்து நின்றது. இந்தத் தரம் காரணம் எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அமுக்கி அமுக்கிப் பெட்டரியை முழுவதும் இறக்கிவிட்டிருந்தார்.

கையை எடுங்க என்று நான் சொல்லவில்லை.